துரு மறைந்தால் போதுமா?

பழைய அம்பாசடர் கார் ஒன்று உங்கள் ஊரில் எங்கேனும் இன்னும் நின்றுகொண்டிருக்கக் கூடும். உரியவரிடம் கேட்டுவிட்டு அதன் பின்பக்கம் செல்லுங்கள். பின் கண்ணாடியைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பீடிங் ஓடும். அந்த ரப்பரில் அழகுக்காகப் பதித்த மெல்லிய, பளபளப்பான உலோகப் பட்டை ஒன்று இருக்கும். அந்தப் பட்டையையும், அதற்குக் கீழே உள்ள தகட்டையும் உற்றுப் பாருங்கள். பட்டையில் பழுப்புப் புள்ளிகள் தெரியலாம். தகட்டின் பெயிண்ட், அம்மைக் கொப்புளம்போல் ஆங்காங்கே எழும்பியிருக்கலாம்.

அந்தக் கொப்புளத்தை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துருவை மறைக்கும் பழுதுபார்ப்பு, பழுதே பார்க்காமல் விடுவதைக் காட்டிலும் கெடுதலானது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சொந்தக் காரில், சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

இரண்டு நாளில் முடிந்த வேலை

அம்பாசடர் கார், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை ஒட்டி அமைந்தது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவிலிருந்த தொழிற்சாலையில், 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014ஆம் ஆண்டு வரை அது தயாராயிற்று. என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு வண்டி. என் தந்தையார் வாங்கி ஓட்டியது. அவருக்குப் பின் எனக்கு வந்தது. நாங்கள் குடியிருப்பது தூத்துக்குடியில். உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். கடற்காற்றில் வரும் உப்பு இரும்புக்கு நண்பனல்ல என்பதை இங்கே ஒவ்வொரு வீட்டு ஜன்னல் கம்பியும் சொல்லும்.

சில ஆண்டுகளுக்கு முன் பின் கண்ணாடியின் கீழே கொப்புளங்கள் தோன்றின. உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்று நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரிடம் நான் கேட்டவை மூன்று: சீக்கிரம், சிக்கனம், பளபளப்பு. கேட்டது கிடைத்தது. கண்ணாடியைக் கழற்றாமலேயே கொப்புளங்களைச் சுரண்டி, பள்ளங்களில் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து இரண்டே நாளில் கொடுத்துவிட்டார். குறை அவருடையது அன்று, கேட்டவன் நான். திருமணத்திற்கு வந்தவர்கள் காரைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மழைக்காலம் கழிந்தது. அதே இடத்தில் கொப்புளம் மீண்டும் எழுந்தது. இம்முறை கைவிரலால் அழுத்தியபோது தகடு உள்ளே போயிற்று.

வேறொரு பட்டறைக்குச் சென்றேன். அங்கே வயது முதிர்ந்த டிங்கர் ஒருவர் இருந்தார். காரைச் சுற்றி வந்தவர், துணியில் சுற்றிய சிறிய காந்தம் ஒன்றைப் பின் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தார். மற்ற இடங்களில் வெடுக்கென்று ஒட்டிய காந்தம், அங்கே ஒட்டாமல் நழுவி விழுந்தது. இரும்புக்கும் காந்தத்திற்கும் இடையே பட்டி அவ்வளவு தடிமனாக இருந்தது.

“சார், தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை அண்ணே” என்றேன்.

“அதைப் பாக்காம பட்டி வெச்சா, துருவுக்குப் போர்வை போத்தின மாதிரிதான் சார்.”

அவர் டார்ச் விளக்குடன் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். வெளியிலிருந்து என்னை ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடியின் மேல் மெதுவாக ஊற்றச் சொன்னார். நான் கீழ் விளிம்பில் ஊற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. மேல் மூலையில் ஊற்றினேன். உடனே உள்ளிருந்து குரல் வந்தது. வெயிலில் காய்ந்து கெட்டிப்பட்ட ரப்பர், மேல் மூலையில் வெடித்திருந்தது. அங்கே நுழைந்த நீர், ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் ஓடி, கீழ் விளிம்பில் வந்து தங்கியிருக்கிறது. துரு கீழே இருந்தது. அதன் காரணம் மேலே இருந்தது.

கண்ணாடியைக் கழற்றிய பிறகு கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். கண்ணாடியைத் தாங்கும் தகட்டு விளிம்பு ஒரு சாண் நீளத்திற்கு இல்லவே இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி, ரப்பரையும் பட்டியையும் நம்பியே நின்றிருக்கிறது. அதே காரில் என் குழந்தைகளைப் பின் இருக்கையில் உட்காரவைத்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போய்வந்திருக்கிறேன்.

பட்டி இல்லாதிருந்தால் அந்த ஓட்டை என் கண்ணில் பட்டிருக்கும். நான் பயந்திருப்பேன், பயந்தால் ஏதேனும் செய்திருப்பேன். பட்டி துருவை நிறுத்தவில்லை. என் பயத்தை மட்டும் நிறுத்திவிட்டது.

ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் அரிப்பு ஏன்?

இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்ஸிஜனும் வேண்டும் என்று மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளை இட்டு நீங்கள் பள்ளியில் கற்றிருப்பீர்கள். அப்படியானால் ஒரு கேள்வி. நன்றாகக் காற்றுப்படும் திறந்த தகடு அதிகம் அரிக்கப்பட வேண்டுமா, ரப்பருக்கு அடியில் காற்றுப் புகாமல் ஒளிந்திருக்கும் தகடு அதிகம் அரிக்கப்பட வேண்டுமா? திறந்த தகடுதான் என்று தோன்றும். என் காரில் நடந்தது நேர்மாறாக.

இதன் விளக்கத்தை ஒரு சொட்டு உப்பு நீரில் காணலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூ. ஆர். எவன்ஸ் என்பவர் 1920களில் இத்தகைய சோதனைகளைச் செய்தார். பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்பு நீர் வையுங்கள். சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரைகிறது. நடுப்பகுதிக்கு ஆக்ஸிஜன் வந்துசேர நேரமாகிறது. ஆகவே ஓரத்தில் ஆக்ஸிஜன் மிகுதி, நடுவில் குறைவு. இந்த வேறுபாடே ஒரு சிறு மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. நடுவில் உள்ள இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. அந்த எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்திற்குச் செல்கின்றன. அங்கே ஆக்ஸிஜனும் நீரும் அவற்றை ஏற்று ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. நடுவிலிருந்து வரும் இரும்பு அயனிகளும் ஓரத்திலிருந்து வரும் ஹைட்ராக்சைடு அயனிகளும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

உங்கள் வேதியியல் ஆசிரியர் அந்த உப்பு நீரில் சிறிது பொட்டாசியம் பெர்ரிசயனைடும் ஒரு துளி பினால்ஃப்தலீனும் சேர்த்துத் தந்தால், சொட்டின் நடுவே நீல நிறமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றுவதைக் கண்ணாலேயே காணலாம். நீலம், இரும்பு கரையும் இடம். சிவப்பு, ஆக்ஸிஜன் எலெக்ட்ரானை ஏற்கும் இடம்.

இப்போது காரை நினைத்துப் பாருங்கள். ரப்பருக்கு அடியில் தேங்கிய நீரில் ஆக்ஸிஜன் குறைவு. வெளி விளிம்பில் மிகுதி. எனவே அரிப்பு உள்ளே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. பட்டியால் மூடினாலும் இதே கதைதான். மூடியின் ஓரத்தில் சிறு வெடிப்பு இருந்தால் போதும். உள்ளே ஈரம் புகுந்து, மூடியே அரிப்புக்கு வசதியான இருட்டறை ஆகிவிடுகிறது. துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளமாக எழும்புகிறது. நாம் கொப்புளத்தைக் காணும்போது உள்ளே வேலை நெடுநாளாக நடந்துவிட்டது என்று பொருள்.

உள்ளே புகுந்த நீர் ஏன் காய்வதில்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு வெட்கம். நான் பௌதிகம் நடத்துபவன். பரப்பு இழுவிசையையும் நுண்புழை ஏற்றத்தையும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். சுத்தமான இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே 0.1 மி.மீ. இடைவெளி இருந்தால், நீர் ஏறத்தாழ 15 செ.மீ. உயரத்திற்குத் தானே ஏறி நிற்கும் என்று கணக்கும் போட்டுக் காட்டுகிறேன். ரப்பரில் நீர் கண்ணாடியில்போல் நன்றாக ஒட்டாதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் உள்ளே சேர்ந்த தூசி விளக்குத் திரிபோல் நீரை உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை விட்டுப் பல நாளானாலும் அந்த இடுக்கு ஈரமாகவே இருக்கும். வகுப்பறையில் தெரிந்த இந்தச் செய்தி, என் காரருகே நின்றபோது என் நினைவுக்கு வரவில்லை. குவளைத் தண்ணீரோடு வந்து அதை நினைவூட்டியவர், கல்லூரிப் பக்கமே போகாத ஒருவர்.

மூடுவது வேறு, காப்பது வேறு

பளபளப்பான பட்டையின் கதையும் இதைப் போன்றதே. என் காரில் இருந்தது குரோம் முலாம் பூசிய எஃகுப் பட்டை. எஃகின்மேல் நிக்கல், அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். பார்வைக்கு வெள்ளிபோல் இருந்தாலும் அதில் ஊசித் துளைகள் உண்டு. நிக்கலைவிட இரும்பே எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும். அவற்றின் நியம மின்னழுத்தங்கள் முறையே -0.25 வோல்ட், -0.44 வோல்ட். ஆகவே துளையில் ஈரம் சேர்ந்தால், சுற்றியுள்ள பெரிய முலாம் பரப்பு முழுவதும் எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ள, ஊசிமுனை அளவு இரும்பு மட்டும் கொடுத்துக் கொடுத்துக் கரைகிறது. முலாம் உடைந்த இடத்தில் முலாமே இரும்புக்குப் பகை.

துத்தநாகம் அப்படியன்று. அதன் மின்னழுத்தம் -0.76 வோல்ட். வீட்டிலுள்ள நாக முலாம் வாளியில் கீறல் விழுந்தால், துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஒரு உலோகத்தைக் காக்க இன்னொன்றைப் பலியிடும் இந்த வழியை, 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளுக்காகச் சோதித்துக் காட்டினார்.

ஆகவே மூடுவது வேறு, காப்பது வேறு. குரோம் மூடுகிறது; மூடி உடைந்தால் கைவிட்டுவிடுகிறது. துத்தநாகம் பளபளக்காது, மூடி உடைந்த பிறகும் காக்கிறது. எந்தப் பழுதுபார்ப்பைக் கண்டாலும் இது எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள்.

சரியான முறை

அந்த முதியவர் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்டிங்கின் ஒளி கண்ணைக் கெடுக்கும். அமிலம் தோலைப் புண்ணாக்கும். ஆகவே இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் உள்ள காரணத்தை மட்டும் கவனியுங்கள்.

முதலில் கண்ணாடியும் ரப்பரும் பட்டையும் கழற்றப்பட்டன. இடுக்கைத் திறக்காமல் இடுக்கின் நோயைத் தீர்க்க முடியாது. பிறகு பழைய பட்டி முழுவதும் சுரண்டி எடுக்கப்பட்டது. திருப்புளியால் குத்திக் குத்திப் பார்த்து, மெலிந்த தகடு அத்தனையும் வெட்டி நீக்கப்பட்டது. ஓட்டை ஒரு சாண். வெட்டியதோ ஒன்றரைச் சாண். பாதி அரித்த தகட்டில் வெல்டிங் நிற்காது. புதிய தகட்டை அதே வடிவத்தில் வளைத்து, புள்ளி புள்ளியாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். ஒரே மூச்சில் வைத்தால் வெப்பத்தால் மெல்லிய தகடு நெளிந்துவிடும்.

அடுத்து, மீதித் தகட்டின் நுண்குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் பூசப்பட்டது. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக நிற்கும் டில்லி இரும்புத் தூணைக் காப்பதிலும் அதன் இரும்பிலுள்ள பாஸ்பரசுக்குப் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதன்பின் துத்தநாகத்தூள் மிகுந்த பிரைமர். இணைப்புகளில் அடைப்புப் பசை. அதற்கும் பிறகே நிறப் பெயிண்ட்.

ரப்பர் புதிதாக மாற்றப்பட்டது. அந்த வேலையிலேயே மிக மலிவான பொருள் அதுதான்; எல்லாத் தொல்லைக்கும் முதற்காரணமும் அதுதான். கண்ணாடியை மாட்டிய முறை வேடிக்கையானது. ரப்பரின் வெளிப் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சோப்பு நீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து அவர் கயிற்றை மெல்ல இழுத்தார். கயிறு வெளிவர வெளிவர, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பின்மேல் தானாக ஏறி அமர்ந்தது.

பட்டையை மறுபடி முலாமிடலாம் என்று நினைத்தேன். குரோம் முலாம் தொட்டியில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் கொடிய நஞ்சு. சில புள்ளிகளுக்காக அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன். கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்ததில் மேலோட்டமான துரு போயிற்று. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானதால் முலாம் கீறுவதில்லை. ஆழமான புள்ளிகள் போகவில்லை. மெழுகு தடவி அப்படியே பொருத்திவிட்டேன்.

சிலர் கேட்கும் கேள்வி

“இவ்வளவு செலவழித்துப் பழைய காரைக் காப்பாற்ற வேண்டுமா?” என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதல் வேலை இரண்டு நாள். இரண்டாவது வேலை மூன்று வாரம். செலவும் அதற்கேற்ப மிகுதி. எல்லாருக்கும் இது இயலாது. எல்லாப் பழைய காரையும் காப்பாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கையில் பணம் இல்லாதவருக்கும் ஒரு நேர்மையான வழி உண்டு. ரப்பரின் வெடிப்பை அடையுங்கள். இடுக்கிலுள்ள தூசியைக் கழுவி உலர்த்துங்கள். துருவைச் சுரண்டி எண்ணெய் தடவுங்கள். பார்வைக்கு அழகாக இராது. ஆனால் நீர் நின்றுவிடும். துரு வளர்கிறதா இல்லையா என்பது நாள்தோறும் கண்ணுக்குத் தெரியும். தெரியும் துரு எச்சரிக்கை செய்கிறது. அந்தக் காரை வேறொருவருக்கு விற்க நேர்ந்தாலும், வாங்குபவர் தாம் எதை வாங்குகிறோம் என்று அறிந்தே வாங்குவார். மறைத்து விற்பதை நான் பொய் என்றே சொல்வேன்.

இது காரோடு நிற்கும் செய்தியுமன்று. பல வீடுகளில் கூரையின் காரை பெயர்ந்து விழுகிறது. உள்ளே உள்ள கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளப்பதே பெரும்பாலும் காரணம். அதன்மேல் சிமென்ட் பூசி வெள்ளையடித்துவிட்டால் கூரை புதிதுபோல் இருக்கும். அதன் கீழே பிள்ளைகள் உறங்குவார்கள். கூரையின்மேல் நீர் எங்கே தேங்குகிறது என்று முதலில் யாரேனும் ஏறிப் பார்க்க வேண்டாமா?

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று ஆணிச் சோதனை, துரு எப்போது பிடிக்கும் என்று கற்பிக்கிறது. எங்கே முதலில் பிடிக்கும், ஏன் அங்கே என்ற கேள்விகளையும் நாம் கேட்கவேண்டும். ஆண்டுக்கு ஒரு நாளாவது மாணவர்களை ஒரு டிங்கர் பட்டறைக்கு அழைத்துச் செல்லலாம். அவர் கையறிவுக்கும் உங்கள் பாடநூலுக்கும் இடையில் உள்ள தொலைவு மிகச் சிறியது. அதைக் கடக்க எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

அடுத்த மழைக்காலத்திற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் மிதிவண்டியின் மட்கார்டு உட்புறம், வீட்டு இரும்புக் கதவின் அடிப்பகுதி, ஜன்னல் கம்பி சட்டத்தில் சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். துரு எங்கே இருக்கிறது, நீர் எந்த வழியாக அங்கே வந்தது என்று ஒரு படம் வரைந்து அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். பெயிண்ட் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் கார் அதன்பின் மூன்று மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. ஒவ்வொரு ஐப்பசித் தொடக்கத்திலும் என் மகள் டார்ச் விளக்குடன் பின் இருக்கையில் ஏறிக்கொள்கிறாள். நான் வெளியே நின்று குவளைத் தண்ணீரை ஊற்றுகிறேன். இதுவரை உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. பட்டையின் பழுப்புப் புள்ளிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றை எண்ணி, சென்ற ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ஏட்டில் குறித்துவைப்பதும் அவள் வேலைதான்.